கோத்தகிரி பக்கம் தம்பதிகள் முகாமுக்கு போயிட்டு வந்தோம், என்னோட ரிவ்யூ

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஆடி மாசம் நானும் என் வீட்டுக்காரரும் கோத்தகிரி பக்கத்துல ஒரு தியான இல்லத்துல நடந்த தம்பதிகள் முகாமுக்கு போயிட்டு வந்தோம். வெள்ளி சாயங்காலம் ஆரம்பிச்சு ஞாயிறு மத்தியான சாப்பாட்டோட முடியும். மூணு மாசம் கழிச்சு இப்பதான் எழுதறேன், வந்த கையோட எழுதிருந்தா அழுகைலயே எழுதிருப்பேன், அது படிக்கிறவங்களுக்கு உபயோகப்படாது. இல்லத்தோட பேரை போடல, ஏன்னா நல்லதும் சொல்லப்போறேன் குறையும் சொல்லப்போறேன், குறைய எல்லாம் அங்கயே பொறுப்பா இருந்தவங்ககிட்ட நேர்லயே சொல்லிட்டேன், திருத்திக்கறோம்னாங்க, அதுக்கப்புறம் பேர் போட்டு எழுதறது நியாயம் இல்ல. இந்த மாதிரி முகாம் நீலகிரிலயும் கொடைக்கானல் பக்கமும் பல இடத்துல நடக்குது, உங்க சபைல கேட்டா சொல்லுவாங்க. "வீட்ல பேச்சே இல்லாம கெடக்கு, இந்த நெலமைல முகாமுக்கு போய் என்ன பண்றது"ன்னு யோசிக்கிறவங்களுக்காகத்தான் முக்கியமா எழுதறேன், ஏன்னா நாங்க அந்த நெலமைலதான் போனோம்.

எங்க கதைய கொஞ்சம் சொன்னாதான் ரிவ்யூ புரியும். நாங்க குன்னூர் பக்கம், ஒண்ணரை ஏக்கர் தேயிலை இருக்கு, இலைய ஃபேக்டரிக்கு போட்டுட்டு கெடைக்கறத வெச்சு ஓட்டறோம், கூடவே அவரு ஒரு பிக்கப் வண்டி ஓட்டறாரு. கல்யாணம் ஆகி 15 வருஷம், ரெண்டு பிள்ளைங்க. என்னோட 9 பவுன் நகைய, எங்கம்மா கூலி வேலை செஞ்சு கொஞ்சம் கொஞ்சமா சேத்து போட்ட நகை, அத அவரு எனக்கு தெரியாம அடகு வெச்சு 2,80,000 ரூபா வாங்கி கூட்டாளியோட ஒரு தொழில்ல போட்டுட்டாரு. தொழில் படுத்துருச்சு. நான் எப்படி கண்டுபிடிச்சேன்னா, தம்பி பொண்ணு சடங்குக்கு போட நகைய முன்கூட்டியே எடுத்து வெக்கலாம்னு பீரோவ திறந்தா டப்பா மட்டும் இருக்கு. குடிக்கிற மனுஷன் இல்ல, கை நீட்டுற மனுஷனும் இல்ல, அதனாலயே எனக்கு இன்னும் அதிர்ச்சி. அன்னிலேர்ந்து நாலு மாசம் அவர்கிட்ட நான் நேரா ஒரு வார்த்தை பேசல. எதுவா இருந்தாலும் பெரியவ வழியாத்தான், "அப்பாவுக்கு சோறு போட்டாச்சுன்னு சொல்லு", "கரண்ட் பில்லு கட்டணும்னு சொல்லு". அவளும் ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு சொல்லிட்டே இருப்பா, 13 வயசு பிள்ளை.

இன்னொன்னும் சொல்லணும். இலை எடை எழுதி வெக்கிற நோட்டு ஒண்ணு வீட்ல இருக்கும், தேதி, கிலோ, பிடித்தம், அட்வான்ஸ்னு முன்பக்கத்துலேர்ந்து எழுதிட்டு வருவோம். அதோட கடைசி பக்கத்துலேர்ந்து நான் வேற ஒரு கணக்கு எழுத ஆரம்பிச்சிருந்தேன். அவரு என்னிக்கு என்ன பொய் சொன்னாரு, அடகு வெச்ச வாரத்துல என் முகத்தை பாத்து எப்படி சிரிச்சாரு, பழசெல்லாம் கூட ஞாபகம் வர வர எழுதினேன், என் பிரசவத்துக்கு லேட்டா வந்தது வரைக்கும். பதினோரு பக்கம் ஆயிருந்துச்சு.

எங்க சபை ஐயரும் (போதகர்) அவரோட மனைவியும்தான் இந்த முகாமுக்கு பேர் கொடுத்தது. பீஸ் ஜோடிக்கு 4,500 ரூபா, ரூமும் சாப்பாடும் சேத்து, முடியாதவங்க முடிஞ்சத கொடுக்கலாம்னாங்க, நாங்க 2,000தான் கொடுத்தோம், யாரும் ஒரு மாதிரியா பாக்கல. பிள்ளைங்கள மாமியார்கிட்ட விட்டுட்டு அவரோட பிக்கப்லயே போனோம், ஒரு மணி நேர பாதைல ஒருத்தரும் வாய திறக்கல.

கீழேர்ந்து வர்றவங்களுக்கு: மேட்டுப்பாளையத்துலேர்ந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், பஸ் நிறைய இருக்கு. சொந்த வண்டின்னா இ-பாஸ் எடுத்துக்கோங்க, 2024 மே மாசத்துலேர்ந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி கேக்கறாங்க, எங்கள மாதிரி டிஎன் 43, அதாவது நீலகிரி நம்பர் வண்டிக்கு தேவையில்ல. தண்ணி பாட்டில் பிளாஸ்டிக்ல கொண்டு வராதீங்க, செக்போஸ்ட்லயே வாங்கி வெச்சுக்குவாங்க.

இடம் நல்ல இடம். பழைய கட்டடம், சுத்தி சில்வர் ஓக் மரம், கீழ தேயிலை சரிவு, ஜெப ஹால்ல மர பெஞ்சு. 22 ஜோடி வந்திருந்தாங்க. சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்திய திருச்சபை ஆளுங்கதான் அதிகம், பெந்தெகொஸ்தே ஆளுங்களும் இருந்தாங்க, கூடலூர்லேர்ந்து ஒரு கத்தோலிக்க தம்பதி, நாங்க கிருபைன்னு சொல்றத அவங்க அருள்னு சொல்வாங்க, சாப்பாட்டு மேசைல அந்த அக்கா "எங்களுக்கு அருள்னா இனாமா வர்றது, கேக்காமயே வர்றது"ன்னு சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு. கல்யாணம் ஆகி ஆறு மாசம் ஆன ஜோடியும் இருந்தாங்க, 41 வருஷம் ஆன ஜோடியும் இருந்தாங்க. அந்த வயசானவரு ரிட்டயர்ட் டீச்சர், ராத்திரி சாப்பாட்டுல அந்தம்மா தட்டுலேர்ந்து முள்ளு எடுத்து கொடுத்துட்டே இருந்தாரு, அவங்களுக்கு கண்ணு சரியா தெரியாது.

வெள்ளிக்கிழமை ராத்திரி முத கூட்டம். பாட்டு ரொம்ப நேரம் ஓடுச்சு, அதுல ஸ்பீக்கர் சத்தம் அந்த சின்ன ஹாலுக்கு ஜாஸ்தி, தலைவலியே வந்துருச்சு. மனசு ஒடஞ்சு வந்திருக்கிறவங்களுக்கு எடுத்த எடுப்புல துள்ளிப்பாடற பாட்டு வேணாம், கீர்த்தனை ரெண்டு மெதுவா பாடினா போதும், இத எழுதியே கொடுத்தேன்.

அப்புறம் முகாம் நடத்தின ஐயர் 1 கொரிந்தியர் 13, பைபிள்ல அன்பை பத்தி சொல்ற அதிகாரத்த எடுத்தாரு. எனக்கு சப்புனு ஆயிருச்சு, எல்லா கல்யாணத்துலயும் படிக்கிறதுதானே, எங்க கல்யாண பத்திரிகைலயே அந்த வசனம்தான். ஆனா அவரு முழு அதிகாரமும் எடுக்கல, அஞ்சாம் வசனத்துல கடைசி ரெண்டு வார்த்தைய மட்டும் எடுத்தாரு, "தீங்கு நினையாது". இத நாம, கெட்டது நினைக்காது, அடுத்தவங்களுக்கு தீமை யோசிக்காதுன்னு படிச்சிட்டு போயிடறோம். கிரேக்கத்துல அங்க இருக்கிற வார்த்தை கணக்கு பாக்கற இடத்துல புழங்குற வார்த்தையாம், பேரேட்டுல ஒருத்தர் பேர்ல பற்று எழுதறோம்ல, அந்த மாதிரி. அன்பு தனக்கு நடந்த தீமைய கணக்குல எழுதி வெக்காது, அதான் அர்த்தம்னாரு. அதே வார்த்தைதான் ரோமர் 4:8ல, "எவனுடைய பாவத்தைக் கர்த்தர் எண்ணாதிருக்கிறாரோ அவன் பாக்கியவான்"ங்கிற இடத்துலயும் வருது, 2 கொரிந்தியர் 5:19ல தேவன் உலகத்தாரோட பாவங்கள எண்ணாம ஒப்புரவாக்கினாருங்கிற இடத்துலயும் வருது. நீங்க எழுதாம விடணும்னு சொல்றதுக்கு முன்னாடியே தேவன் உங்க கணக்க எழுதாம விட்டிருக்காரு, அத முதல்ல பாருங்க, உங்க வீட்டுக்காரர இல்ல வீட்டுக்காரிய அப்புறம் பாக்கலாம்னு சொல்லி உக்காந்துட்டாரு. இருபது நிமிஷம் கூட பேசல.

என் பைக்குள்ள அந்த நோட்டு இருந்துச்சு. ஆமா, எடுத்துட்டு போயிருந்தேன், அங்க யாராவது கவுன்சிலிங்ல கேட்டா ஒவ்வொண்ணா படிச்சு காட்டணும்னுதான் எடுத்துட்டு போனேன். என் நோட்ட பத்தி அங்க யாருக்கும் தெரியாது, ஆனா அந்த மனுஷன் எனக்காகவே சொன்ன மாதிரி இருந்துச்சு. முகமெல்லாம் சூடாயிருச்சு. அதே சமயம் கோவமும் வந்துச்சு, "அப்போ அவரு செஞ்சது ஒண்ணுமே இல்லையா, நான்தான் தப்பா"ன்னு. அந்த கோவத்தோடதான் போய் படுத்தேன்.

சனிக்கிழமை காலைல அதுக்கு பதில் கெடைச்சுது, என்னை பொறுத்தவரைக்கும் முகாமோட உயிர் அந்த கூட்டம்தான். மத்தேயு 18, ராஜா கணக்கு பாத்த உவமை. ஐயர் கரும்பலகைல கணக்காவே போட்டு காட்டினாரு. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்துன்னா 6,000 வெள்ளிப்பணம். அந்த ஊழியக்காரன் ராஜாவுக்கு பட்ட கடன் பதினாயிரம் தாலந்து, அப்படின்னா 6 கோடி நாள் கூலி. இன்னிக்கு நாள் கூலி 500ன்னு வெச்சுக்கோங்க, 3,000 கோடி ரூபா. எத்தனை ஜென்மம் எடுத்தாலும் அடைக்க முடியாது, அத ராஜா ஒரே வார்த்தைல விட்டுட்டாரு. அப்படி தப்பிச்ச இவன், தனக்கு கடன்பட்ட உடன் வேலைக்காரன் கழுத்த புடிச்சான், அந்த கடன் நூறு வெள்ளிப்பணம், அதே கணக்குல 50,000 ரூபா.

இந்த எடத்துல சாதாரணமா என்ன சொல்லுவாங்க, "பாருங்க, எவ்வளவு அற்ப கடன், அதுக்கு போய் கழுத்த புடிச்சான்"னுதானே? நான் சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் கேட்டிருக்கேன். இவரு அப்படி சொல்லல. "50,000 ரூபா யாருக்காவது அற்பமா இருக்கா, இருந்தா கைய தூக்குங்க"ன்னாரு. யாரும் தூக்கல. மூணு மாசத்துக்கும் மேல வேலை செஞ்ச கூலி அது, வீட்ல அடுப்பு எரியாம போற அளவு பணம். யேசு நெனச்சிருந்தா ஒரு காசுன்னு சொல்லிருக்கலாம், நூறுன்னு சொன்னாரு. உன் புருஷன் உனக்கு செஞ்சது நெஜமான கடன், உன் பெஞ்சாதி உனக்கு செஞ்சது நெஜமான கடன், அது ஒண்ணுமில்லன்னு தேவன் சொல்லல. மன்னிக்கிறதுன்னா கடனே இல்லன்னு பொய் சொல்றது கெடையாது, கடன் எவ்வளவுன்னு தெரிஞ்சே விடறது, அப்படி விட்டவங்க கைல நஷ்டம் நிக்கும், அந்த நஷ்டத்த தாங்கறதுக்கு உங்ககிட்ட சக்தி கெடையாது, அதுக்குத்தான் 6 கோடி நாள் கூலி உங்க பேர்ல ஏற்கனவே தள்ளுபடி ஆயிருக்குன்னாரு.

நான் மனசுல வகுத்து பாத்தேன், 2,80,000ஐ 500ஆல வகுத்தா 560 நாள். அந்த உடன் வேலைக்காரன் பட்ட கடன விட என் வீட்டுக்காரர் எனக்கு பட்டது அஞ்சு மடங்குக்கும் மேல. இத எண்ணி பாத்தப்போதான் நாலு மாசத்துல முதல் தடவையா எனக்கு அழுகை வந்துச்சு. "சின்ன விஷயம், விடும்மா, ஆம்பளைங்கன்னா அப்படித்தான்"னு எங்க சைட்லயும் சொன்னாங்க அவங்க சைட்லயும் சொன்னாங்க, அந்த நூறு வெள்ளிப்பணத்த யாருமே எண்ணி பாக்கல. யேசு எண்ணி வெச்சிருக்காருங்கிற மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் இன்னொரு பக்கம் இருக்கிற 6 கோடிய பாக்க எனக்கு தைரியம் வந்துச்சு. கிருபைன்னு நாம தினமும் பத்து தடவை வாயால சொல்றோம், "கிருபைல நல்லா இருக்கோம்"னு போன்ல சொல்றோம், அதுக்கு இவ்வளவு எடை இருக்குன்னு எனக்கு 38 வயசுல அன்னிக்குதான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் பாஸ்டரம்மா பொம்பளைங்கள மட்டும் தனியா உக்கார வெச்சு பேசினாங்க, அதையும் கட்டாயம் சொல்லணும். மன்னிப்பையும் நம்பிக்கையையும் போட்டு குழப்பிக்காதீங்கன்னாங்க. மன்னிப்பு கிருபையா கொடுக்கறது, நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமா திரும்ப கட்டி எழுப்பறது, அதுக்கு எதிர் ஆளும் உழைக்கணும். பைபிள்ல வர்ற வரி வசூல்காரன் சகேயுவுக்கு இரட்சிப்பு சும்மா கெடைச்சுது, ஆனா அவன் எந்திரிச்சு நின்னு அநியாயமா வாங்கினத நாலத்தனையா திருப்பி கொடுக்கறேன்னு சொன்னான்ல. நகைய அடகு வெச்ச மனுஷனுக்கு மன்னிப்பு கெடைச்சாலும் அடகு ரசீத பொண்டாட்டி கைல கொடுக்கணும். (நான் என் விஷயத்த அவங்ககிட்ட சொல்லவே இல்ல, அந்த ஹால்ல அடகு கதை எனக்கு மட்டும் இல்ல போல, நாலஞ்சு பேரு தலைய குனிஞ்சுட்டோம்.) இன்னொன்னு ரொம்ப தெளிவா சொன்னாங்க, அடிக்கிற வீட்ல இருக்கிறவங்க ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு அங்கயே கெடந்து அடி வாங்காதீங்க, மொதல்ல பாதுகாப்பான இடத்துக்கு போங்க, 181க்கு கூப்பிடுங்க, 2005லேர்ந்து குடும்ப வன்முறைக்கு தனி சட்டமே இருக்கு, மன்னிப்ப பத்தி அப்புறம் பேசலாம், மன்னிக்கிறதுக்கு நீ உயிரோட இருக்கணும்னாங்க. சபைக்குள்ள ஒரு போதகரோட மனைவி இத வாய்விட்டு சொல்லி நான் கேட்டதே இல்ல. இதுக்காகவே இந்த முகாமுக்கு போகலாம்னு சொல்லுவேன்.

மத்தியானம் பேச வந்தவர பத்தியும் உள்ளத சொல்லிடறேன். வெளியூர்லேர்ந்து வந்த ஒருத்தர். எபேசியர் 5 எடுத்தாரு, "மனைவிகளே கீழ்ப்படியுங்கள்"லயே முக்கா மணி நேரம் நின்னுட்டாரு. அதுக்கு மேல இருக்கிற 21ஆம் வசனத்த, ஒருத்தருக்கொருத்தர் கீழ்ப்படிங்கன்னு இருக்கறத, படிக்கவே இல்ல. கீழ 25ஆம் வசனம், கிறிஸ்து சபைக்காக தன்னையே கொடுத்த மாதிரி புருஷங்க அன்பு செலுத்தணும்னு இருக்கறத, கடைசி ரெண்டு நிமிஷத்துல ஓட்டிட்டாரு. காலைல அவ்வளவு கவனமா தைச்சத மத்தியானம் பிரிச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. என் பக்கத்துல இருந்த ஒரு சின்ன பொண்ணு, அந்த ஆறு மாச ஜோடி, பைபிள மூடி வெச்சுட்டா. இப்படி ஒருத்தர கூப்பிடறதுக்கு முன்னாடி என்ன பேசப்போறாருன்னு கேட்டுக்கணும், இதான் என்னோட பெரிய குறை, இதையும் சொல்லிட்டுதான் வந்தேன்.

சாப்பாட்ட பத்தி சுருக்கமா: காலைல இட்லி, உப்புமா, பரவால்ல. சனிக்கிழமை மத்தியானம் அவரைக்கொட்டை போட்டு ஒரு கொழம்பு, படுக வீட்டு கைப்பக்குவம், அது அருமை. சாயங்காலம் டீயும் வர்க்கியும். ராத்திரி சப்பாத்தி ஆறிப்போயி வந்துச்சு. ஜன்னல்ல சந்து, காத்து உள்ள வருது, ஒரு கட்டிலுக்கு ஒரே கம்பளிதான் கொடுத்தாங்க, ஆடி மாசத்து குளிருக்கு பத்தவே பத்தாது.

அந்த கம்பளிதான் சனிக்கிழமை ராத்திரி எங்கள பேச வெச்சுது. வீட்ல நடுவுல நின்னு சொல்ல பெரியவ இருந்தா, இங்க யாரும் இல்ல. கரண்டும் போயிருச்சு. அவரு கம்பளிய என் பக்கம் தள்ளிட்டு சேர்ல உக்காந்து ஸ்வெட்டரோட குறுகிட்டு இருந்தாரு, பல்லு அடிக்கிறது கேக்குது. நான் "ஏங்க, இங்க வந்து படுங்க, கம்பளி ரெண்டு பேருக்கும் எட்டும்"னேன். நாலு மாசத்துல அதான் நான் அவர்கிட்ட சொன்ன முதல் வார்த்தை. அவரு கொஞ்ச நேரம் அசையவே இல்ல, நான் அவர்கிட்டதான் பேசறேனான்னு பாக்கற மாதிரி இருட்டுல என் பக்கம் பாத்துட்டு இருந்தாரு.

அப்புறம் பேசினோம். அவரு சொன்னத அப்படியே எழுதறேன், அவர்கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். "உன்கிட்ட கேட்டா நீ வேணாம்னுதான் சொல்லிருப்ப. அது எனக்கு தெரியும். தெரிஞ்சுதான் கேக்கல." அவ்வளவுதான். கூட்டாளி ஏமாத்திட்டான், நேரம் சரியில்ல, பிள்ளைங்களுக்காகத்தான் செஞ்சேன்னு இந்த நாலு மாசமா மத்தவங்ககிட்ட சொன்ன ஒண்ணையும் அன்னிக்கு சொல்லல. அத கேட்டதும் எனக்கு கோவம் தணியல, இன்னும் ஏறுச்சுன்னுதான் சொல்லணும், ஆனா அது உண்மை, உண்மைய கேட்டு எவ்வளவு நாளாச்சு.

நான் என் பங்குக்கு, நோட்டு விஷயத்த சொல்லிடலாம்னு அத பைலேர்ந்து எடுத்தேன். அவரு "தெரியும்"னாரு. எப்படின்னேன். சடங்கு வீட்ல நான் அவரோட அக்காகிட்டயும் தம்பிங்ககிட்டயும் அந்த நோட்டுலேர்ந்து படிச்சு காட்டியிருந்தேன், அப்ப அவரு பந்தல் மறைவுல சாம்பார் வாளிய கைல வெச்சுட்டு நின்னிருக்காரு, எல்லாத்தையும் கேட்டுட்டு அப்படியே வாளிய கீழ வெச்சுட்டு வண்டிக்கு போயிட்டாராம். பிரசவத்துக்கு லேட்டா வந்தது வரைக்கும் தம்பிங்க முன்னாடி படிச்சேனே. அன்னிக்கு லேட்டானதுக்கு காரணம் மழைல ரோட்டுல மரம் விழுந்தது, அது எனக்கும் தெரியும், தெரிஞ்சேதான் எழுதினேன். இந்த நாலு மாசத்துல அவரு அத ஒரு தடவை கூட எடுத்து பேசல, என் மேல திருப்பி வெக்கல. ஏங்க கேக்கலைன்னேன். "அத கேக்கற தகுதி எனக்கு இல்லன்னு நெனச்சேன், அப்புறம் போகப்போக விட்டுட்டேன்"னாரு. நான் பதினோரு பக்கம் எழுதிட்டு இருந்தப்போ அவரு என் பேர்ல ஒரு வரி கூட எழுதல. காலைல ஐயர் கரும்பலகைல போட்ட கணக்குல நான் எந்த ஆளுன்னு எனக்கு அங்கதான் புரிஞ்சுது. அந்த ராத்திரி "என்னை மன்னிச்சிருங்க"ன்னு முதல்ல சொன்னது நான்தான்.

ஞாயிறு காலைல ஹால்லயே ஆராதனை, திருவிருந்து. எங்க சிஎஸ்ஐ முறைல சமாதானம் கொடுக்கறது தெரியும்ல, ரெண்டு கையாலயும் வாங்கி அடுத்தவங்களுக்கு ரெண்டு கையாலயும் கொடுக்கறது. வாரா வாரம் பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்களுக்கு கொடுத்துட்டு போயிட்டே இருப்போம், நாலு மாசமா நான் சபைல பொம்பளைங்க பக்கம் உக்காந்துட்டதால அவருக்கு கொடுக்க வேண்டிய நெலமையே வரல. அங்க ஜோடி ஜோடியா உக்கார வெச்சிருந்தாங்க. அவரோட கை, இலை வெட்டற கத்திரி புடிச்சு புடிச்சு காய்ப்பு காய்ச்ச கை, ரெண்டு கைக்கும் நடுவுல என் கைய வெச்சு "சமாதானம்"னாரு. பலிபீடத்துல காணிக்கை வெக்கறதுக்கு முன்னாடி போய் சகோதரனோட ஒப்புரவாகுன்னு யேசு சொன்னதுக்கு இதுதான் எடம்னு அன்னிக்கு தோணுச்சு, அப்புறம் போய் முழங்கால் போட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்கினோம்.

அங்க இன்னொரு நல்ல விஷயம், சாட்சி சொல்லுங்கன்னு யாரையும் மேடைக்கு இழுக்கல, சீட்டுல எழுதி நெருப்புல போடறது மாதிரி எதுவும் செய்யல. அப்படி எதாவது செஞ்சிருந்தா நான் அழுதுட்டே நோட்ட போட்டிருப்பேன், அதுல முன்பக்கம் ஃபேக்டரி கணக்கும் போயிருக்கும்.

இப்ப மூணு மாசத்து நெலவரத்தையும் சொல்றேன், முகாமுக்கு போனா எல்லாம் சரியாயிரும்னு யாரும் நெனச்சுறக்கூடாது. வந்த மறுநாளே அவரு அடகு ரசீதும் பாஸ்புக்கும் என் கைல கொடுத்துட்டாரு. ஞாயித்துக்கிழமை சரக்கு ஓட்டம் விட்டுட்டு மத்த ஆறு நாளும் எக்ஸ்ட்ரா ட்ரிப் அடிக்கிறாரு, இதுவரைக்கும் வட்டிபோக அசல்ல 31,000 கட்டிருக்கோம். இலை கிலோவுக்கு 20 ரூபா கூட நிக்காத மாசமும் வருது, அப்ப தள்ளிப்போகும். தங்கம் வெலை ஏறுதுன்னு டிவில சொல்லும்போதெல்லாம் எனக்கு வயித்துல ஒண்ணு பெரளுது. பேதுரு எத்தனை தரம் மன்னிக்கணும்னு கேட்டதுக்கு ஏழெழுபது தரம்னு யேசு சொன்னாருல்ல, நான் அத 490 வேற வேற தப்புன்னு நெனச்சுட்டு இருந்தேன். எனக்கு இப்ப அது ஒரே தப்புதான், அந்த ஒரே டப்பா, அது ஞாபகம் வர்றப்பெல்லாம் மறுபடி மன்னிக்க வேண்டியிருக்கு. காலைல அடுப்பு பத்த வெக்கும்போது "ஆண்டவரே, உம்முடைய இரக்கம் காலைதோறும் புதுசுன்னு எழுதியிருக்கே, இன்னிக்கு உண்டானத கொடும்"னு கேக்கறேன், அன்னிக்கு உண்டானது வருது. நாளைக்கு உள்ளது சேத்து வர்றதில்ல. சில நாள் கேக்காம விட்டுடறேன், அந்த நாள்ல வாய் தவறி பழசு வந்துருது, அவரு பேசாம எந்திரிச்சு இலைக்கு போயிடறாரு, மத்தியானம் நானே போய் "தப்பா பேசிட்டேங்க"ன்னு சொல்றேன். பெரியவள இப்ப தூது விடறதில்ல. ஒரு நாள் பழக்கதோஷத்துல "அப்பாகிட்ட..."ன்னு ஆரம்பிச்சேன், "நீயே சொல்லும்மா, அவரு இங்கதானே இருக்காரு"ன்னுட்டு ஓடிட்டா.

நோட்டு இன்னும் இருக்கு, முன்பக்கம் இலை எடை எழுதறோம். பின்பக்கத்துல அந்த பதினோரு பக்கத்துக்கு அப்புறம் நான் எதுவும் எழுதல. அவரு அடுத்த பக்கத்துலேர்ந்து அடகு கட்டின தேதியும் தொகையும் எழுதிட்டு வர்றாரு.

போறவங்களுக்கு கடைசியா ரெண்டு மூணு தகவல். பிள்ளைங்கள கூட்டிட்டு போகாதீங்க, அங்க பாத்துக்க தனி ஆள் இல்ல, வந்திருந்த ரெண்டு ஜோடி பாதி கூட்டம் வெளியவே நின்னாங்க. ஸ்வெட்டர், குல்லா, வீட்டு கம்பளி ஒண்ணு கட்டாயம் எடுத்துக்கோங்க. ஜியோ எடுக்கல, பிஎஸ்என்எல் வராண்டால எடுக்குது. ரூம் கேக்கும்போது கீழ் வரிசைல கேட்டு வாங்குங்க, சுடுதண்ணி காலைல ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும்தான், அதுவும் கீழ் வரிசைக்குதான் ஒழுங்கா வருது, மேல இருக்கிறவங்க பக்கெட்டோட எறங்கி வரணும். என் வீட்டுக்காரர் ரெண்டு நாளும் எனக்கு எடுத்துட்டு வந்தாரு.